மகளின் உடல் எடை: பட்டினியின்றி என்ன செய்யலாம்?

கல்லடி அம்மா: என் மகளுக்கு வயது 14. மாலை வகுப்புகள் முடிந்து இரவில் வீடு திரும்பும் வழியில் றோல்ஸும் குளிர்பானமும் அவளுக்கு வழக்கமாகிவிட்டன. உறவினர் ஒருவர் கேலி செய்த பின்னர் காலை உணவை முற்றாகத் தவிர்க்கிறாள். அவளை எப்படி வழிநடத்துவது?

அக்கரைப்பற்று வாசகர்: பெரியவர்களுக்கான உடற்திணிவுச் சுட்டியை (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் BMI அளவை) அவளுக்குப் பொருத்தாதீர்கள் அக்கா, 5 முதல் 19 வயது வரையானோருக்கு உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட, வயதையும் பாலினத்தையும் கணக்கிலெடுக்கும் அட்டவணையே உரியது. உயரம் இன்னும் கூடுகிறதென்றால், எடையைக் குறைக்காமல் அப்படியே பேணுவதே பல பிள்ளைகளுக்குப் போதுமானது. காலையில் பட்டினி கிடப்பவள் மாலையில் றோல்ஸைத் தேடுவதில் வியப்பில்லை. ஆகவே, அவளுக்கென்று தனிச் சமையல் செய்யாமல், வீட்டார் அனைவருமே குரக்கன் பிட்டு, அவித்த கடலை, கீரைச் சுண்டல், மீன் என்று உண்ணுங்கள். அந்த உறவினரிடமும் பேசத்தான் வேண்டும்.

கல்முனை ஆசிரியர்: குளிர்பானத்திலிருந்து தொடங்குங்கள். 2016 முதல் நம் இலங்கையில் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிறக்குறி உண்டு. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் இருந்தால் சிவப்பு. அத்தகைய 400 மில்லிலீற்றர் போத்தலில் பத்துக்கும் மேற்பட்ட தேக்கரண்டிச் சீனி சேர்கிறது. சீனி போடாத எருமைத் தயிரை மோராக்கிக் கொடுத்தனுப்பலாம்.

ஏறாவூர் தாதி: இவ்வயதில் நாளொன்றுக்கு 60 நிமிட உடல் இயக்கம் தேவை, வகுப்புக்குச் சைக்கிளில் செல்வதும் அதில் அடங்கும். மாதவிடாய் நின்றாலோ, உண்டதை அவளே வாந்தியெடுத்தாலோ தாமதியாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.