ஆக்டிவேட்டருக்குக் 'கிளர்த்துநர்' வேண்டாமே

எல்லோருக்கும் வணக்கம்.

ஹாம் வானொலி என்பது உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானலையில் பேசுவது. அதற்கான தமிழ்ச் சொற்பட்டியலில், மலையுச்சிக்குப் போய்ப் பேசும் ஆக்டிவேஷனுக்குக் 'கிளர்வாக்கம்', அப்படிப் பேசும் ஆக்டிவேட்டருக்குக் 'கிளர்த்துநர்' என்று போட்டிருந்ததைப் பார்த்தேன். வேதியியலில் கிளர்வு ஆற்றல் இருக்கிறது, சரி. ஆனால் 'மலையைக் கிளர்த்தினேன்' என்றால் நான் அங்கே போய்க் கலகம் மூட்டிவிட்டு வந்த மாதிரி இருக்கிறது. மலையை நாம் ஒன்றும் செய்வதில்லை. ஏறுகிறோம், ஆன்டெனாக் கம்பியைக் கட்டுகிறோம், கூப்பிடுகிறோம், இறங்குகிறோம். அந்தக் கூப்பிடுதலில் இருந்துதான் சொல் வர வேண்டும் என்பது என் கட்சி.

ஹாம் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 'சம்மிட்ஸ் ஆன் தி ஏர்', சுருக்கமாக சோட்டா, மலையுச்சிகளில் இருந்து பேசிப் புள்ளி சேர்க்கும் திட்டம், 2002 மார்ச்சில் பிரிட்டனில் தொடங்கியது. மலையுச்சியில் இருந்து பேசுபவர் ஆக்டிவேட்டர். வீட்டில் இருந்தபடி அவரைத் தேடிப் பிடிப்பவர் சேசர். நான்கு நிலையங்களோடு தொடர்பு கிடைத்தால்தான் ஆக்டிவேட்டருக்குப் புள்ளி. ரேடியோ, பேட்டரி எல்லாவற்றையும் சுமந்துதான் போக வேண்டும். காரில் உட்கார்ந்து பேசினால் கணக்கில் வராது.

போன மாதம் வேல்ஸில் பென் அ வான் ஏறினேன். 886 மீட்டர், தென் பிரிட்டனிலேயே அதுதான் உயரம். (எழுத்தில் 'ஃபேன்' மாதிரி இருக்கும், ஆனால் வேல்ஸ் மொழியில் 'எஃப்' எழுத்துக்கு 'வ' ஒலி. நமக்கு வசதியாக 'வான்' ஆகிவிட்டது.) உச்சி மேசை மாதிரி தட்டை. மரமில்லை, வேலியில்லை. நடுவில் இருக்கும் கற்குவியல் வெண்கலக் காலத்து ஈமச்சின்னம், அதில் கம்பத்தைச் சொருகுவது முறையல்ல. மடக்குக் கம்பத்தை முதுகுப்பையோடு சேர்த்துக் கட்டி, இருபது மீட்டர் அலைவரிசைக்குப் பத்து மீட்டர் கம்பியைச் சாய்வாக இழுத்தேன். காற்று இரண்டு முறை சாய்த்தது. மூன்றாம் முறை நின்றது. அப்புறம் ஐந்து வாட்டில் 'சி.க்யூ., சி.க்யூ.' என்று தொண்டை வறளக் கூப்பிட்டதுதான் அன்றைக்கு நான் செய்த வேலை. சி.க்யூ. என்பதே பொது அழைப்புத்தானே. அதனால்தான் கீழே இறங்கும்போதே ஆக்டிவேஷனுக்கு 'உச்சியழைப்பு' என்று முடிவு செய்துவிட்டேன்.

அடுத்தது ஆக்டிவேஷன் ஸோன், அதாவது உச்சியை ஒட்டி ஆக்டிவேட்டர் நின்று பேச வேண்டிய பகுதி. அதற்கு 'உச்சிவரம்பு' என்று எழுதி அக்காவுக்கு அனுப்பினேன். "நில உச்சவரம்புச் சட்டமா?" என்று ஒரே வரியில் பதில் வந்தது. நியாயம்தான். எனவே உச்சியை விட்டு முகட்டுக்கு வருகிறேன்: முகட்டழைப்பு, முகட்டழைப்பாளர், முகட்டு வரம்பு. முகடு என்றால் வீட்டுக் கூரையும் நினைவுக்கு வரும் என்பார்கள். வரட்டும், மலைமுகடு எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

'வரம்பு' மட்டும் மாற வேண்டாம். 'வட்டம்' என்று சிலர் சொன்னார்கள், அது தவறாகவே வழிகாட்டும். விதி தூரத்தைப் பற்றியது அல்ல: உச்சியில் இருந்து செங்குத்தாக 25 மீட்டருக்குள் இருக்க வேண்டும், அங்கிருந்து உச்சிவரை உள்ள நிலமும் அதற்குக் கீழே இறங்கக் கூடாது. பென் அ வானுக்குப் பக்கத்தில் கோர்ன் டீ என்றொரு முகடு, 873 மீட்டர். 13 மீட்டர்தான் தாழ்வு. ஆனாலும் அங்கே நின்று கூப்பிட்டால் பென் அ வான் கணக்கில் சேராது, நடுவில் இருக்கும் கணவாய் 25 மீட்டருக்கு மேல் இறங்கிவிடுகிறது. மலைச்சரிவில் அடுக்கடுக்காக வயல் வெட்டினால் வரப்பு ஒரே மட்டத்தில் வளைந்து வளைந்து போகுமே, அதேதான் இது. ஸோனுக்கு 'மண்டலம்' போட்டால் இந்தப் படம் மனதில் எழாது.

சேசருக்குத் 'துரத்துநர்' என்றால் எனக்குத் தெருநாய்தான் ஞாபகம் வருகிறது. 'வேலை நாடுநர்' ஏற்கெனவே வழக்கில் இருப்பதால் 'நாடுநர்' போதும். வெறும் நாடுநரா, 'அழைப்பு நாடுநரா' என்பதில்தான் எனக்குத் தயக்கம்.

கடைசியாக, ஆயிரம் புள்ளி எடுத்த ஆக்டிவேட்டருக்கு 'மவுன்டன் கோட்' என்று பட்டம். இதை 'மலையாடு' என்று பெயர்த்தவர் யாரோ தெரியவில்லை, நம் மாநில விலங்கே வரையாடாக இருக்கும்போது! ஆயிரம் எடுத்த சேசருக்கு 'ஷாக் ஸ்லாத்', அதாவது ரேடியோ அறையை விட்டு அசையாத சோம்பல் விலங்கு. ஸ்லாத் நம் காட்டில் இல்லை. நான் 'தேவாங்கு' என்கிறேன். மெல்ல நகரும், இரவெல்லாம் கண்ணை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எனக்குத் தெரிந்த நாடுநர் பலர் அப்படித்தான்.

முகட்டு வரம்புக்கு மறுப்பு இருந்தால் வெள்ளிக்குள் சொல்லுங்கள். தேவாங்குக்கு மறுப்பு வரும் என்று தெரியும்.