புதுப்பிப்பு: பம்ப் கிணற்றின் பில்டப் சோதனையில் ஸ்கின் எதிர்மறையாக வந்ததற்கான காரணம்

சக்கர் ராட் பம்ப் (மேலிருந்து நீண்ட தண்டால் இயக்கப்படும் பம்ப்) இயங்கும் எண்ணெய்க் கிணற்றை, அழுத்தம் மீண்டும் ஏறுவதைப் பார்க்கும் பில்டப் சோதனைக்காக மூடி, எதிரொலிக் கருவியால் கேசிங்கின் (கிணற்றின் வெளிக்குழாய்) திரவ மட்டத்தை அளந்து அடித்துளை அழுத்தத்தைக் கணக்கிட்டபோது, லாக்-லாக் வரைபடத்தின் (அழுத்த மாற்றமும் நேரமும் மடக்கை அளவில்) தொடக்கச் சாய்வு வழக்கமான 1-ஐ விட அதிகமாகவும், ஹார்னர் வரைபடத்தின் (பில்டப் அழுத்தத்தை நேர்கோடாக்கிப் பார்க்கும் முறை) வழியே ஸ்கின் (கிணற்றைச் சுற்றிய பாறையின் நிலையைக் காட்டும் எண்; நேர்மறை என்றால் சேதம், எதிர்மறை என்றால் ஓட்டம் எளிது) எதிர்மறையாகவும் வந்தது ஏன் என்று இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்தவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

பாறைப் பிளவுகள் காரணம் என்ற விளக்கம் பொருந்தவில்லை. பிளவு வழி ஓட்டத்தில் சாய்வு அரை அல்லது கால் அளவே இருக்கும். கேசிங்கில் நிற்பது வாயு கலந்த திரவ நிரல் என்ற ஆலோசனையே சரியான விடை. பம்ப் ஓடும்போதே கேசிங் வால்வைச் சற்று மூடி, உற்பத்தி வீதம் மாறாதபடி மேல் அழுத்தத்தை ஏற்றி, அதற்கேற்பத் திரவ மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்ததில், நிரலின் உண்மையான அழுத்தச் சரிவு (ஆழத்தோடு அழுத்தம் கூடும் வீதம்) வாயுவற்ற எண்ணெயினுடையதை விட மிகக் குறைவு என்று தெரிந்தது. அந்தச் சரிவைப் பயன்படுத்தியதும் மூடுவதற்கு முந்தைய அழுத்தம் குறைந்தது, தொடக்கச் சாய்வு 1 ஆனது, ஸ்கின் நேர்மறையாக மாறியது. கிணற்றைச் சுற்றிய பாறை உண்மையில் சேதமடைந்திருக்கிறது. இது சிகிச்சைத் திட்டத்தையே மாற்றும் செய்தி.

எதிர்பாராதது ஒன்று: மூடியவுடன் திரவ மட்டம் ஏறாமல் முதலில் இறங்கியது. குமிழிகள் பிரிந்து மேலேறுவதால் அப்படி நிகழ்கிறது. ஆகவே ஒரே அடர்த்தியைச் சோதனை முழுவதற்கும் பயன்படுத்த இயலாது. ஹார்னர் நேர்கோட்டையும், சாய்வு 1 முடிந்து ஏறத்தாழ ஒன்றரை லாக் சுற்று (ஒரு சுற்று என்பது நேரம் பத்து மடங்காவது) கடந்த பிறகே தேடுவது நல்லது.