கரட் ஜூஸ் போத்தல்ல அடைச்சா அவிச்ச வாசம் வருது, யாராவது வழி சொல்லுங்க

வணக்கம் அண்ணாமாரே அக்காமாரே. நுவரெலியா பக்கம் நானும் தங்கச்சியும் வீட்டுல கரட்டும் பெஷன் ஃபுரூட்டும் கலந்து ஜூஸ் போட்டு டவுன் கடைகளுக்கு குடுக்குறோம். பிழிஞ்ச உடனே அந்த மணம் அப்பிடியே மூக்குல ஏறும், ஆனா சூடாக்கி போத்தல்ல ஊத்தி அடுத்த நாள் மூடிய தொறந்தா பெஷன் ஃபுரூட் மணமே இல்ல, அவிச்ச கரட் வாசம்தான் முன்னுக்கு நிக்குது.

சூடாக்காம விடவும் ஏலாது, கரட்ல புளிப்பு ரொம்ப கம்மி, பிஎச் (புளிப்ப காட்டுற எண், எண் கொறஞ்சா புளிப்பு கூட) 6 கிட்ட இருக்கும், கிருமி வளந்துரும், அதனால தேசிக்காய் புளி விட்டு 4.5க்கு நல்லா கீழ எறக்கிட்டுதான் அடுப்புல வைக்கிறோம். பெரிய ஃபெக்டரில ஆவியா போற மணத்த புடிச்சு குளிர வச்சு திரும்ப ஜூஸ்லயே சேத்துருவாங்க, உள்ள இருக்குற காத்தையும் உறிஞ்சி எடுத்துருவாங்க, நம்மகிட்ட இருக்குறது சட்டியும் தேர்மோமீட்டரும் தான்.

மூடி போட்டு சட்டுனு 85 பாகைக்கு ஏத்தி, அடைச்ச போத்தல சுடுதண்ணி, இளஞ்சூட்டுத் தண்ணி, பச்சத்தண்ணின்னு மாத்தி சீக்கிரம் ஆத்துனா மணம் நிக்குமா? தேசிக்காய் தோல கொஞ்சம் சீவிப் போட்டா கசக்குமா? பெஷன் ஃபுரூட்ல மாச்சத்து இருக்குறதால சூட்டுல தடிச்சு அடிப்புடிக்குது, அதுக்கு என்ன செய்றீங்க?

எசன்ஸ் மட்டும் சொல்லாதீங்க, புள்ளைங்க குடிக்கிறது, பழத்து மணமே வேணும். செஞ்சு பாத்தவங்க அளவோட சொன்னா பெரிய உதவி.