சாலட் டிரெஸ்ஸிங்: பாட்டிலில் குலுக்கி ஊற்றுவதா, இலை மேல் தனித்தனியாக விடுவதா?

மாடித்தோட்டம்:
மாடியில் போட்ட லெட்யூஸ் (சாலட் கீரை) இந்த வாரம் பறிக்கும் பருவத்துக்கு வந்துவிட்டது. கடை டிரெஸ்ஸிங் (சாலட்டில் பிரட்டும் எண்ணெய்-புளிப்புக் கலவை) வாங்குவதை நிறுத்தி ஒரு வருஷம் ஆகிறது, வீட்டில் செய்யும் விதத்தை எழுதுகிறேன். ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றில் முதலில் உப்பைக் கரைக்க வேண்டும். எண்ணெயில் உப்பு கரையாது என்பதால் இந்த வரிசை முக்கியம். அப்புறம் அரை டீஸ்பூன் கடுகு விழுது, மிளகுத்தூள், மூன்று மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய். எல்லாவற்றையும் பழைய ஜாம் பாட்டிலில் விட்டு அரை நிமிடம் குலுக்கினால் கெட்டியாகச் சேர்ந்துவிடும். 200 கிராம் இலைக்கு இது போதும். பரிமாறும்போதுதான் கலக்க வேண்டும்.

அடுப்பங்கரை:
எனக்கு இதில் உடன்பாடு இல்லைங்க. இத்தாலிய வீடுகளில் பச்சை சாலட்டுக்கு எதையும் முன்கூட்டிக் கலப்பதில்லை. உப்பு, வினிகர், எண்ணெய் எல்லாம் நேராக இலை மேல்தான் விழும், அங்கேயே பிரட்டுவார்கள். ஒரு வாயில் புளிப்பு முந்தும், அடுத்த வாயில் எண்ணெய் மணம் முந்தும். கடுகு போட்டுக் கெட்டியாக்கினால் ஒவ்வொரு வாயும் ஒரே ருசிதான். நான் எண்ணெயை முதலில் விட்டுப் பிரட்டுவேன். அது இலையைப் போர்த்திக்கொண்டு புளிப்பிலிருந்து காப்பாற்றும்.

மாடித்தோட்டம்:
ருசி அவரவர் விருப்பம், அதில் வாதாட மாட்டேன். ஆனால் கடைசி வரி சரியில்லை. இலையின் மேல் மெழுகுப் படலம் இருக்கிறது. வினிகர் பெரும்பாலும் தண்ணீர்தான், அதனால் முத்து முத்தாக உருண்டுவிடும். எண்ணெய்தான் அந்தப் படலத்தைத் தாண்டி உள்ளே ஊறி, இலைக்குள் இருக்கும் காற்றை வெளியே தள்ளுகிறது. ஒரு இலையில் எண்ணெயும் இன்னொன்றில் வினிகரும் தடவி வைத்துப் பாருங்கள். எண்ணெய் பட்டதுதான் முதலில் கறுத்துத் துவளும். கடுகு சேர்த்துக் குலுக்கும்போது எண்ணெய் பொடிப் பொடித் துளிகளாகப் பிரிந்து புளிப்பு நீருக்குள் அடங்கிவிடும். அதனால் இலை இன்னும் கொஞ்ச நேரம் மொறுமொறுவென்று நிற்கும்.

நீலகிரித்தூறல்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இலை ஈரமாக இருந்தால் இரண்டு முறையும் தோற்கும். ஈரத்தில் எண்ணெய் ஒட்டாது, எல்லாம் கிண்ணத்தின் அடியில் போய்த் தேங்கும். ஊட்டிப் பக்கத்திலிருந்து வரும் லெட்யூஸ் சந்தைக்கு வருவதற்குள் வாடிப்போயிருந்தால், ஐஸ் தண்ணீரில் 15 நிமிடம் போடுங்கள், நிமிர்ந்துவிடும். பிறகு பருத்தித் துண்டில் சுருட்டி உதறி எடுங்கள். ஒரு சந்தேகம்: ஆலிவ் எண்ணெய்க்குப் பதில் நல்லெண்ணெய் ஆகுமா?

அடுப்பங்கரை:
இலை துவளும் விஷயத்தைச் சோதித்துப் பார்த்தேன். மாடித்தோட்டம் சொன்னது சரிதான், எண்ணெய் தடவிய இலைதான் கறுத்தது. இனி உப்பு கரைத்த வினிகரை முதலில் விடுகிறேன். ஆனால் தனித்தனியாக விடுவதை நான் விடப்போவதில்லை. நல்ல எண்ணெயின் மணம் நேராக மூக்குக்கு வருவது அப்போதுதான். தூறல், செக்கு நல்லெண்ணெயின் மணம் லெட்யூஸை அமுக்கிவிடும். கடலை எண்ணெயோடு பாதிப் பாதி கலந்தால் நன்றாக இருக்கிறது. வினிகர் வாங்கும்போது லேபிளைப் பாருங்கள், செயற்கை வினிகர் என்று போட்டிருந்தால் அது நீர்த்த அசிட்டிக் அமிலம்தான், பழவாசனை இருக்காது. அதற்கு எலுமிச்சையே மேல்.

மாடித்தோட்டம்:
எலுமிச்சையில் ஒத்துப்போகிறோம், சந்தோஷம். கடுகு விழுது இல்லாதவர்கள் கடுகுப் பொடியைப் பச்சைத் தண்ணீரில் குழைத்துப் பத்து நிமிடம் வையுங்கள், காரம் ஏறும். ஆலிவ் எண்ணெயை மட்டும் மிக்ஸியில் அடிக்காதீர்கள், கசந்துவிடும்.

நீலகிரித்தூறல்:
பூண்டு தட்டிப் போட்டு ஒரு வாரத்துக்குச் செய்து வைக்கலாமா?

அடுப்பங்கரை:
வேண்டாம் தூறல். பச்சைப் பூண்டு எண்ணெய்க்குள் மூழ்கி ஃப்ரிட்ஜுக்கு வெளியே இருந்தால், காற்றில்லாத அந்த இடத்தில் போட்டுலிசம் என்ற கொடிய நோயை உண்டாக்கும் கிருமி வளரலாம், வாசனையில் தெரியாது. பூண்டு வேண்டுமென்றால் ஒரு பல்லை வெட்டிக் கிண்ணத்தின் உட்புறம் தேய்த்துவிட்டு இலையைப் போடுங்கள்.

மாடித்தோட்டம்:
இதில் நானும் அடுப்பங்கரை பக்கம்தான். பூண்டு இல்லாததை ஃப்ரிட்ஜில் நான்கைந்து நாள் வைக்கலாம். ஆலிவ் எண்ணெய் உறைந்துபோனால் பத்து நிமிடம் முன்னாடியே வெளியே எடுத்து, மறுபடி குலுக்குங்கள்.