புதுப்பிப்பு: கலிபோர்னியாவில் திருமணத்துக்கு முந்தைய ஒப்பந்தத்தை ரத்து செய்தோம்

திருமணத்துக்கு முன் எழுதிக்கொண்ட சொத்து ஒப்பந்தத்தைக் கணவரும் நானும் மனமொத்து ரத்து செய்ய நீதிமன்றம் போக வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி, வேலை முடிந்தது.

நீதிமன்றம் தேவைப்படவில்லை. குடும்பச் சட்டத் தொகுப்பின் 1614-ஆம் பிரிவைப் பார்க்கச் சொன்னவரின் யோசனையே பலித்தது: திருமணத்துக்குப் பின், இருவரும் கையெழுத்திட்ட எழுத்துபூர்வ உடன்பாட்டால் மட்டுமே அதைத் திருத்தவோ ரத்து செய்யவோ முடியும், அதற்குப் பிரதிபலன் (பதிலுக்குப் பணமோ பொருளோ) எதுவும் கைமாற வேண்டியதில்லை. மூலப்பிரதியைக் கிழித்துப்போட்டால் போதும் என்ற யோசனை (என் மாமியார் சொன்னதும் அதுவே) செல்லாது.

எதிர்பாராதது ஒன்று. ரத்து செய்துவிட்டதாலேயே, ஒப்பந்தம் நடப்பிலிருந்த ஆண்டுகளில் அவரவர் பெயரில் சேர்ந்த சேமிப்பு தானாக எங்கள் இருவருக்கும் பொதுவான சொத்தாகிவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம் என்றார் வழக்கறிஞர். அதே தொகுப்பின் 852-ஆம் பிரிவின்படி, சொத்தின் தன்மை (ஒருவரின் தனிச் சொத்தா, இருவருக்கும் பொதுவானதா என்பது) மாற வேண்டுமானால், அதனால் உரிமை குறைபவர் அதை வெளிப்படையாக எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே வங்கிக் கணக்கையும் பங்குகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு ஒரு பத்தி சேர்த்தோம். இதில் ஒருவருக்கு மட்டும் ஆதாயம் கிடைத்தால் நிர்ப்பந்தம் இருந்ததாகப் பின்னாளில் வாதிட இடமுண்டு என்பதால், ஆளுக்கொரு வழக்கறிஞரை வைத்துக்கொண்டோம். செலவு இரட்டிப்பானாலும் வருத்தமில்லை.

1614-ஆம் பிரிவு நோட்டரி சான்று கேட்கவில்லை. ஆயினும் கையெழுத்துக்கு 15 டாலர் வீதம் 30 டாலர் கொடுத்து அதையும் பெற்றுவிட்டோம்.