'டூ' வேறு, 'வெரி' வேறா?

கேள்வி: அலுவலக மெயிலில் 'யுவர் ஐடியா இஸ் டூ குட்' என்று எழுதினேன், மேலாளர் 'வெரி குட்' என்று திருத்திவிட்டார். இரண்டுமே 'ரொம்ப' தானே? அப்புறம் 'ஃபியூ', 'எ ஃபியூ' குழப்பமும் தீரவில்லை. யாராவது விளக்குங்களேன்.

பதில் 1: நாம் இரண்டுக்கும் 'ரொம்ப' போட்டுவிடுகிறோம், அங்கேதான் சிக்கல். 'டீ இஸ் வெரி ஹாட்' என்றால் நல்ல சூடு, ஊதிக் குடிக்கலாம். 'டூ ஹாட்' என்றால் வாய் வைக்க முடியாது, ஆற்றத்தான் வேண்டும். அளவு மீறிக் காரியம் கெடும் இடத்தில்தான் 'டூ' வரும், அதனால்தான் 'டூ ஹாட் டு டிரிங்க்' என்று நீட்டுகிறார்கள். நண்பர்களிடம் 'டூ குட்' சொல்லுங்கள், தப்பில்லை. மெயிலில் வேண்டாம்.

பதில் 2: 'எ ஃபியூ பீப்பிள் கேம்' என்றால் சிலர் வந்தார்கள். 'எ' போய்விட்டால் சிலர்தான் வந்தார்கள். தமிழில் அந்தத் 'தான்' செய்கிற வேலையை அங்கே 'எ' இல்லாததே செய்துவிடுகிறது. பால், நேரம், பணம் மாதிரி எண்ண முடியாதவற்றுக்கு 'லிட்டில்', 'எ லிட்டில்' (ரூபாயை எண்ணலாம், 'மணி' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எண்ணிக்கை கிடையாது).

கேள்வி கேட்டவர்: 'சிலர்தான்' என்றதும் பிடிபட்டது! அப்போ 'தேர் இஸ் லிட்டில் மில்க்' என்றால் காபிக்குப் பத்தாது, சரியா?

பதில் 2: அதேதான். 'எ லிட்டில் மில்க்' இருந்தால் ஒரு டம்ளராவது தேறும்.