கடல்நீர்த் தொட்டியில் வெண்புள்ளி மறைந்து மீண்டும் வருகின்றது: என்ன செய்யலாம்?

நல்லூரான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 300 லீற்றர் அளவான கடல்நீர்த் தொட்டி ஒன்று உள்ளது. அதில் ஒரு சோடி கோமாளி மீன்கள், இரண்டு வண்ணாத்தி மீன்கள், அண்மையில் வாங்கிச் சேர்த்த பவுடர் புளூ சேர்ஜன் என்னும் நீலநிற மீன் ஒன்று, இவற்றுடன் சுத்திகரிப்பு இறால்களும் நத்தைகளும் இருக்கின்றன. சேர்ஜன் வந்த சில நாட்களில் அதன் செட்டைகளில் உப்புத் தூவியது போன்ற வெண்புள்ளிகள் தோன்றின. உணவில் உள்ளி கலந்து கொடுத்தபோது அவை மறைந்துவிட்டன. நோய் நீங்கிவிட்டதென்று நினைத்திருந்த வேளையில், ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியின் பின்னர் முன்னரைவிட அதிகமான புள்ளிகள் வந்திருக்கின்றன. இம்முறை வண்ணாத்திகளிலும் காணப்படுகின்றன.

மீன் விற்பவர் தொட்டிக்குள்ளேயே செம்பு மருந்தை ஊற்றச் சொல்கிறார். வெப்பநிலையைக் கூட்டினால் போதுமென்று வேறொருவர் சொல்கிறார். முந்திரிகைத் தோட்டம் வைத்திருக்கும் உறவினர் ஒருவர், பூஞ்சண நோய்க்குத் தெளிக்கும் போடோக் கலவைக்கென வாங்கிய மயில்துத்தத்தில் (செம்புச் சல்பேற்றில்) சிறிது தருவதாகக் கூறுகின்றார். இறால்களை இழக்காமல் இந்நோயை முற்றாக ஒழிக்க வழியுண்டா? இனி இது வராமல் தடுப்பது எவ்வாறு? அனுபவமுள்ளவர்கள் விளக்கமாக எழுதினால் பேருதவியாக இருக்கும்.

வடமராட்சி ஆசிரியை எழுதியது:

தம்பி, மருந்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னர், அந்தப் புள்ளிகள் ஏன் மறைந்தன என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். உள்ளியால் அவை மறையவில்லை. நீங்கள் விவரிப்பது பெரும்பாலும் கிரிப்டோகேரியன் இரிற்றான்ஸ் என்னும் ஒருகல ஒட்டுண்ணியாகவே இருக்கும். அது மீனின் தோலுக்கடியிலும் பூக்களிலும், அதாவது செவுள்களிலும், 3 முதல் 7 நாட்கள் வரை இருந்து உண்டு வளர்ந்தபின் தானாகவே மீனைவிட்டுக் கழன்றுவிடும். கழன்றது மணலிலோ கல்லிலோ கண்ணாடியிலோ சில மணிநேரம் ஊர்ந்து, தன்னைச் சுற்றிக் கடினமான உறையொன்றை அமைத்துக்கொண்டு உள்ளே பிரிந்து பெருகும். ஓர் உறையிலிருந்து 200க்கும் மேற்பட்ட நீந்தும் குஞ்சுகள் வெளிவரலாம். அவை பெரும்பாலும் இருட்டில், விடியலுக்கு முந்திய நேரத்தில் வெளிவருகின்றன. மீன்கள் ஓரிடத்தில் அசையாமல் உறங்கும் வேளையும் அதுவே. ஏறத்தாழ ஒரு நாளைக்குள் ஒரு மீனைப் பற்றிக்கொள்ளாத குஞ்சு இறந்துபோகும். முதல் தடவை ஒரு மீனில் சில புள்ளிகளும் அடுத்த தடவை பல மீன்களில் பல புள்ளிகளும் தோன்றுவதற்கு இந்தப் பெருக்கமே காரணம்.

நாம் பயன்படுத்தும் எந்த மருந்தும் மீனுக்குள் புதைந்திருக்கும் நிலையையோ உறைக்குள் இருக்கும் நிலையையோ தாக்குவதில்லை. நீந்தும் குஞ்சுப் பருவம் ஒன்றே அதற்கு அகப்படும். உறைகள் யாவும் ஒரே நாளில் வெடிப்பதுமில்லை. பெரும்பாலானவை 3 முதல் 28 நாட்களுக்குள் திறந்தாலும், 72 நாட்கள் வரை தாமதித்த உறைகள் பதிவாகியுள்ளன. ஆகவே, "புள்ளி போய்விட்டது, மருந்தை நிறுத்தலாம்" என்று முடிவெடுக்கும் நாள்தான் மிக ஆபத்தான நாள்.

தாக்குதலிலிருந்து தப்பிய மீன்களுக்குச் சில மாதங்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி ஏற்படும். அப்போது தோலில் எதுவும் தெரியாது, ஆனால் செவுள்களில் ஒட்டுண்ணி தொடர்ந்து இருந்துகொண்டிருக்கும். நீண்டகாலம் நலமாக இருந்த தொட்டியில் புதிய மீனொன்றை விட்டதும் அது மட்டும் நோயுறுவதற்குப் பல வேளைகளில் இதுவே காரணம்.

ஒன்றை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். புள்ளிகள் தனித்தனி உப்புக் கற்களாகத் தெரிகின்றனவா, அல்லது மாவைப்போன்ற மெல்லிய பொன்னிறத் தூசாகப் படிந்திருக்கின்றனவா? தூசாகத் தெரிந்து, மீன் வேகமாக மூச்சுவிட்டு, வெளிச்சத்தை வெறுத்து, பம்பின் நீரோட்டத்துக்கு எதிரே நின்றுகொண்டிருந்தால், அது அமைலோடினியம் என்னும் வெல்வெற் நோயாகும். அந்நோய் சில நாட்களுக்குள் தொட்டி முழுவதையும் அழித்துவிடக்கூடியது, அதற்குக் காத்திருந்து பார்க்க அவகாசமில்லை. கோமாளி மீன்களின் உடலிலிருந்து வெண்சளி தாளாக உரிந்தால் அது புரூக்கினெல்லா. அதற்குச் செம்பு பயன்படாது, போமலின் குளிப்பாட்டலே தேவைப்படும். பாடசாலை ஆய்வுகூட நுணுக்குக்காட்டி கிடைத்தால், தோலை மெதுவாகச் சுரண்டிய சளியை 100 மடங்கு உருப்பெருக்கத்தில் பார்த்து வேறுபடுத்தலாம்.

கோண்டாவிலான் எழுதியது:

ஆசிரியை அக்கா எழுதியதிலிருந்து பெறப்படும் நடைமுறை முடிவு ஒன்றே. மீன்கள் அனைத்தையும் வெளியே எடுத்து வேறு தொட்டியில் வைத்துச் சிகிச்சை செய்யுங்கள், பெரிய தொட்டியை மீனில்லாமல் விட்டுவிடுங்கள். ஒட்டுண்ணி இறாலிலோ நத்தையிலோ உண்டு வாழ முடியாது, எனவே அவை அங்கேயே இருக்கலாம். 72 நாட்கள் என்ற பதிவை வைத்து, கடல்மீன் வளர்ப்போர் வழக்கமாக 76 நாட்கள் காத்திருக்கிறார்கள். நோய் தெரியாத மீனையும் விட்டுவைக்கக் கூடாது. ஒரேயொரு கோமாளி எஞ்சியிருந்தாலும் சுழற்சி தொடரும்.

பெரிய தொட்டிக்குள் செம்பு ஊற்றும் யோசனையை முற்றாகக் கைவிடுங்கள். இறால்களும் நத்தைகளும் முதலில் இறக்கும். அதைவிட, கற்களும் மணலும் கல்சியம் காபனேற்றால் ஆனவை என்பதால் செம்பை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே மருந்தின் அளவு ஒருநாளும் நிலையாக நிற்காது, பின்னர் இறால் வளர்க்கவும் அத்தொட்டி உதவாது. வெப்பத்தைக் கூட்டுவது நன்னீர் மீன்களின் வெண்புள்ளிக்குச் சொல்லப்படும் வழி. அந்நோய்க்குக் காரணமான உயிரி வேறு. ஏற்கெனவே சித்திரை, வைகாசியில் எங்கள் வீடுகளில் தொட்டிநீர் 30 பாகை செல்சியசைத் தாண்டுகிறது. வெப்பம் கூடக்கூட நீரில் கரையும் ஒட்சிசன் குறையும், செவுள் பாதிக்கப்பட்ட மீன் அதைத் தாங்காது.

செம்பில்லாத ஒரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. 40 அல்லது 50 லீற்றர் கொள்ளும் பிளாஸ்ரிக் பெட்டிகள் இரண்டை எடுத்து, மூன்று நாட்களுக்கு ஒரு தடவை மீன்களை ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்ற வேண்டும். 72 மணிநேரத்தைக் கடக்கவிடாமல் நான்கு தடவை மாற்றினால், 12 நாட்களில் மீனிலிருந்த ஒட்டுண்ணிகள் அனைத்தும் கழன்று, உறைகள் திறக்குமுன்னரே பின்னால் விடப்பட்டுவிடும். மாற்றும்போது வலையைத் தவிர்த்துச் சிறிய கிண்ணத்தால் அள்ளுவது நல்லது, பழைய நீர் இயன்றளவு குறைவாகச் செல்லட்டும். காலியான பெட்டி, காற்றுக்குழாய், காற்றுக்கல் எல்லாவற்றையும் கழுவி எங்கள் வெயிலில் நன்றாகக் காயவிட்ட பின்னரே மீண்டும் பாவிக்க வேண்டும், ஏனெனில் உலர்ந்தால் உறை பிழைக்காது. வெல்வெற் நோய்க்கு மட்டும் இம்முறையை நம்ப வேண்டாம், அதன் உறைகள் இதைவிட விரைவாகத் திறக்கும்.

நீரின் உவர்த்தன்மையைக் குறைப்பது இன்னொரு வழி. ஒப்படர்த்தியை (நன்னீருடன் ஒப்பிட்ட அடர்த்தியை) இரண்டு நாட்களில் 1.009 வரை இறக்கி, கடைசிப் புள்ளி மறைந்த பின்னரும் மூன்று வாரங்களாவது அங்கேயே வைத்திருக்க வேண்டும். உவரைச் சரியாக அளக்கும் ஒளிமுறிவுமானி இல்லாமல் இதில் இறங்காதீர்கள். மலிவான மிதவை மானியின் பிழையே சிகிச்சையைக் கெடுக்கப் போதுமானது. காரத்தன்மை குறைவதால் பீஎச் சரியாதபடி நாள்தோறும் பார்த்து, தேவைப்பட்டால் அப்பச்சோடாவைக் கரைத்துச் சேர்க்க வேண்டும். இறக்குவது விரைவாகலாம், ஏற்றுவது மிக மெதுவாக நடக்க வேண்டும். வெல்வெற் நோய்க்கு இதுவும் உதவாது.

நல்லூரான் எழுதியது:

ஆசிரியை அக்காவுக்கும் கோண்டாவில் அண்ணாவுக்கும் மிக்க நன்றி. புள்ளிகள் தனித்தனியாகவே தெரிகின்றன, தூசாக இல்லை. எனினும் சேர்ஜன் இன்று காலையிலிருந்து மூச்சை வேகமாக விடுகின்றது. இரண்டு நோய்களும் சேர்ந்திருக்குமோ என்ற அச்சம் உள்ளதால், அதற்கு மட்டும் செம்புச் சிகிச்சை அளிப்பது பாதுகாப்பானதா? மயில்துத்தம் கையில் இருப்பதால் அதன் அளவையும் கேட்கிறேன்.

காரைநகர் ஐயா எழுதியது:

தம்பி, சந்தேகம் இருக்கும்போது செம்பைத் தேர்ந்தெடுப்பது சரியான முடிவுதான். கிரிப்டோகேரியன், அமைலோடினியம் இரண்டும் அதற்கு அகப்படும். ஆனால் தோட்டத்துக்கு விற்கப்படும் மயில்துத்தத்தைப் பாவிக்க வேண்டாமென்றே சொல்வேன். அதிலுள்ள கலப்பு எதுவென்று பையில் எழுதியிருக்காது. ஆய்வுகூடத் தரமான செம்புச் சல்பேற்று கிடைத்தால், அதன் நிறையில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கே செம்பு என்பதை நினைவிற் கொள்ளுங்கள். 3.93 கிராமை ஒரு லீற்றர் காய்ச்சிவடித்த நீரில் கரைத்தால், ஒவ்வொரு மில்லிலீற்றரிலும் 1 மில்லிகிராம் செம்பு இருக்கும். 50 லீற்றர் சிகிச்சைத் தொட்டியில் அந்தக் கரைசலின் 10 மில்லிலீற்றர், லீற்றருக்கு 0.2 மில்லிகிராம் என்ற அளவைத் தரும். அதுவே மேல் எல்லை, 0.15க்குக் கீழே இறங்கினால் பயனில்லை. ஒரே தடவையில் ஊற்றாமல் இரண்டு மூன்று நாட்களில் சிறிது சிறிதாக அந்த அளவுக்குக் கொண்டுசெல்லுங்கள். கடல்நீரில் செம்பு தொடர்ந்து படிந்து குறையும் என்பதால், காலையும் மாலையும் செம்புச் சோதனை செய்யாமல் இதைச் செய்யவே கூடாது. சோதனைப் பெட்டி கிடைக்காவிட்டால், கோண்டாவில் தம்பி சொன்ன பெட்டி மாற்றும் முறையைச் செய்யுங்கள், ஆனால் அது வெண்புள்ளிக்கு மட்டுமே உதவும், வெல்வெற் நோய்க்கு அதை நம்ப முடியாது. கடைகளில் விற்கும் இணைப்புச் செம்பு மருந்துகளின் (செம்பை வேறு சேர்மத்துடன் பிணைத்துச் செய்தவற்றின்) அளவு இதிலிருந்து முற்றாக வேறுபடும், அவற்றுக்குப் போத்தலில் எழுதியிருப்பதே அளவு.

சிகிச்சைத் தொட்டியில் கல்லோ மணலோ வேண்டாம், ஒளிய இரண்டு பீவீசீ குழாய்த் துண்டுகள் போதும். கரித்தூளை வடிகட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள், இல்லையெனில் மருந்தை அது உறிஞ்சும். அமோனியாவைக் கட்டுப்படுத்த நீரை மாற்றுங்கள், ஆனால் மாற்றும் நீரிலும் அதே அளவு செம்பைக் கரைத்துவிட்டே ஊற்ற வேண்டும். அமோனியாவைக் கட்டும் நீர்ப்பக்குவத் திரவங்கள் சில, செம்பை மீனுக்கு மேலும் நச்சாக்கிவிடும். 21 நாட்கள் அளவு குறையாமல் வைத்திருங்கள். மின்வெட்டு நேரத்துக்கு மின்கல காற்றுப் பம்பு ஒன்று அருகில் இருக்கட்டும், மூச்சுத் திணறும் மீனுக்கு மருந்தைவிட அதுவே முதலில் தேவை.

இனித் தடுப்புப் பற்றி. புதிய மீன் எதுவாயினும், எவ்வளவு நலமாகத் தோன்றினாலும், குறைந்தது நான்கு வாரங்கள் தனித் தொட்டியில் இருக்க வேண்டும். பவுடர் புளூ சேர்ஜன் வெண்புள்ளிக்குப் பேர்போன இனம், அதை வாங்கியவுடன் நோயுள்ளதாகவே கருதிச் சிகிச்சை அளிப்பேன். அக்காலத்தில் கண் மங்குதல், உடலைக் கல்லில் உரசுதல் ஆகியவற்றைக் கண்டால் தட்டைப்புழுக்களைச் சந்தேகியுங்கள். ஐந்து நிமிட நன்னீர்க் குளிப்பாட்டலில் அவை வெண்மையாகி உதிர்வது கண்ணுக்கே தெரியும். அந்த நன்னீரின் வெப்பநிலையும் பீஎச்சும் தொட்டிநீருக்கு ஒத்திருக்க வேண்டும், நன்றாகக் காற்றூட்டப்பட்டும் இருக்க வேண்டும். முட்டைகள் மருந்துக்கு மசியா என்பதால் பிராசிகுவன்ரெல் என்னும் புழுக்கொல்லி மருந்தை ஏறத்தாழ ஒரு வாரத்தின் பின் மறுபடியும் கொடுக்க வேண்டும். சிறிய அரிப்பு வலையைக்கூட இரண்டு தொட்டிகளுக்கும் பொதுவாக வைத்திருக்காதீர்கள், ஈரக்கையே ஒட்டுண்ணியைக் கடத்தும். புறஊதா விளக்கோ சுத்திகரிப்பு இறாலோ இந்தத் தனிமைப்படுத்தலுக்கு ஈடாகாது.

நீங்கள் கடலிலிருந்து நீர் எடுப்பவராயின், களப்பு நீரை விட்டுவிட்டு வடகரையின் திறந்த கடலில் எடுங்கள். யாழ்ப்பாணக் களப்பு ஆழமற்றது. கோடையில் அதன் உவர் கடலைவிட ஏறும், வடகீழ்ப் பருவமழையில் மிகவும் இறங்கும். தொண்டைமானாற்று அணைக்கதவுகள் திறந்திருக்கும் நாட்களில் அப்பகுதிக் கரையிலும் எடுக்க வேண்டாம். கொண்டுவந்த நீரைத் துணியால் வடித்து, மீனில்லாமல் மூடிய பீப்பாயில் இரண்டு மூன்று வாரங்கள் இருட்டில் வைத்து, ஒவ்வொரு தடவையும் உவரை அளந்தே பாவியுங்கள். உப்புக் கலவை கரைப்பதாயின் கிணற்று நீர் வேண்டாம். எங்கள் சுண்ணக்கல் நிலத்துக் கிணறுகளின் கடினத்தன்மையும், தோட்டங்களிலிருந்து இறங்கும் நைத்திரேற்றும் தொட்டிக்கு ஒத்துவரா. நுண்சவ்வினூடாகச் செலுத்திச் சுத்திகரித்த ஆர்.ஓ. நீரே உகந்தது. கல் வேண்டுமென்று கரையிலிருந்து பவளக்கல் எடுக்காதீர்கள், இலங்கையில் அது சட்டப்படி தடைசெய்யப்பட்டது. கடலிலிருந்து வந்த கல்லில் மீன் ஒட்டுண்ணியின் உறைகளும் இருக்கக்கூடும்.

இன்றிரவே சேர்ஜனைப் பிரித்துவிடுங்கள். மற்ற மீன்களை நாளை எடுத்தாலும் பரவாயில்லை, ஆனால் 76 நாட்களின் கணக்கைக் கடைசி மீன் வெளியேறிய நாளிலிருந்தே தொடங்க வேண்டும்.